பெண்கள் பக்கத்துக்கு வந்த அப்பா

எங்கள் சர்ச்சில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்த பாதை. கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆனவர்கள்கூட வாசலில் பிரிந்து போய் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் வாசலில் சேர்ந்துகொள்வார்கள். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த அத்தனை வருஷத்தில், ஒரு ஆண் அந்தக் கம்பளத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தாண்டினார்.

காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. பாடகர் குழு மூன்றாவது சரணத்தில் இருந்தது. நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் மல்லிகைப்பூ வாசனை, மேலே ஒரு மின்விசிறி மட்டும் டொக் டொக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று பக்கத்தில் வெள்ளைச் சட்டை. நிமிர்ந்தால் அப்பா.

"கிளம்பு" என்றார்.

அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "என்னங்க இது? ஆராதனை நடக்குது."

"தெரியும். எஸ்தர், கிளம்பு. மணி ஒம்பது நாப்பது. பத்தரைக்கு மேட்ச்."

முன் பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காணிக்கைப் பை என் மடியில் வந்து நின்றது. அதை அடுத்தவரிடம் நகர்த்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பத்து வருஷமாக இந்த மனிதர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் நான். சொல்லிவிட்டார். எனக்கு வந்ததோ எரிச்சல்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலத்துக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வாசகருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் தரமா?

இந்தத் தொடரின் போன இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டு குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். "சிங்கிள்ஸ் சரியாக வராததால்தானே டபுள்ஸுக்குப் போனீர்கள்?"

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டே ஒரு டாக்டர் கேட்டார், பதில் சொல்ல முடியாத நிலையில் நான் இருந்தேன்.

டபுள்ஸ் ஆடுகிறவள் என்றால் நம் ஆட்களுக்கு ஒரு பரிதாபம். பன்னிரண்டு வருஷம் தொழிலாக ஆடியிருக்கிறேன். பத்திரிகையில் என் படம் வந்த பாதி தடவை ஒரு தோளும் அரை ராக்கெட்டும்தான் வந்தது, மீதியை வெட்டிவிட்டார்கள். "கூட நிக்கிறது யாரு?" என்று கேட்பார்கள். கூட நிற்பவள்தான் நான்.

எனக்கு சிங்கிள்ஸ் வரும். நன்றாகவே வரும். எனக்கு வராதது ஞாயிற்றுக்கிழமை.

கணக்கு இதுதான். எந்த டென்னிஸ் போட்டியாக இருந்தாலும் டபுள்ஸ் ஃபைனலை சனிக்கிழமை முடித்துவிடுவார்கள். சிங்கிள்ஸ் ஃபைனல், கூட்டம் வரும் என்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. ஆராதனை உண்டு, மத்தியானம் மட்டன் குழம்பு உண்டு, சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்கப் போவது உண்டு. ராக்கெட்டைத் தொடக் கூடாது. ஆக, டபுள்ஸில் நான் கோப்பை வாங்கலாம். சிங்கிள்ஸில் செமி ஃபைனல்வரை போகலாம். அதையும் ஜெயித்துத் தொலைத்தால்தான் பிரச்சினை.

பதிமூன்று வயதில் ஒரு மாவட்டப் போட்டியில் ஜெயித்துத் தொலைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினார். "ஐயா, என் மகள் நாளை ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டியிருப்பதால் இறுதி ஆட்டத்தில் பங்குபெற இயலாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள." போட்டி நடத்தியவர் அதைப் படித்துவிட்டு, இது லீவ் லெட்டர் மாதிரி இருக்கிறதே என்று மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜூனியராக இருந்த காலத்தில் இப்படி நான்கு கடிதம். எனக்கு 'சனிக்கிழமை சாம்பியன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தராசு சார்

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கும் அரசாங்க இன்ஸ்பெக்டர். தாம்பரம் மார்க்கெட்டில் அவருக்கு 'தராசு சார்' என்று பெயர். அவர் வருகிறார் என்றால் கருவாட்டுக் கடை வரைக்கும் செய்தி போய்விடும். ஒரு கடையில் ஒரு டீ குடித்ததில்லை. குடித்திருந்தால் நாங்களும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

டென்னிஸ் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வலையின் உயரம் நடுவில் மூன்றடி இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டார். அவ்வளவுதான். போகிற ஊரெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து அளப்பார். "அரை அங்குலம் ஒசரம் சார்" என்று நடுவரிடம் போய் நிற்பார். ஆட்டத்துக்கு முன்னால் ராக்கெட்டோடு நிற்கும் நேரத்தில், நம் அப்பா வலையடியில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்பவள் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இரண்டு விதிகள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது, யாரையும் காக்க வைக்கக் கூடாது. "வரலைன்னா வரலைன்னு நேரத்தோட சொல்லிடணும். அடுத்தவனைக் காக்க வைக்கிறது எடையில குறைக்கிற மாதிரி." இதை எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தார். இந்த இரண்டாவது விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

சனிக்கிழமை மழை

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்லாவரம் பக்கம் ஒரு கிளப்பில் தேசிய அளவிலான போட்டி. அதில் சிங்கிள்ஸ் ஜெயிப்பவளுக்கு, சென்னையில் நடக்கவிருந்த ஒரு சர்வதேசப் போட்டியில் நேரடி இடம். தகுதிச் சுற்று எதுவும் ஆட வேண்டாம், நேராக மெயின் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றில், இறங்கலாம். பெயர் தெரியாத பெண்களுக்கு இதைவிடப் பெரிய கதவு திறக்காது. வாழ்க்கையில் ஒரு தடவை திறந்தால் அதிர்ஷ்டம்.

சனிக்கிழமை காலை செமி ஃபைனலில் ஜெயித்தேன். மூன்று செட். கடைசிப் பந்து வெளியே விழுந்தபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'ஐயோ, நாளைக்கு ஞாயிறு.'

அன்று சாயங்காலமே டபுள்ஸ் ஃபைனலும் இருந்தது. என் பார்ட்னர் தேவி. பம்மல்காரி. அவள் அப்பா ஒரு கிளப்பில் மார்க்கர், அதாவது கோர்ட்டில் கோடு போட்டு, வலை கட்டி, வருகிற ஆபீசர்களோடு பந்து அடித்துக் கொடுக்கும் ஆள். தேவி அங்கே பந்து பொறுக்கிப் பொறுக்கியே ஆடக் கற்றுக்கொண்டவள். நானும் அவளும் பன்னிரண்டு வயதிலிருந்து ஜோடி. வலைக்கு முன்னால் அவளைப்போல் பயமில்லாமல் நிற்கும் ஆளை நான் பிறகு எந்த நாட்டிலும் பார்க்கவில்லை.

தேவிக்கு அந்த ஃபைனலில் ஒரு வேலை இருந்தது. நிஜமான வேலை. ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேசியப் போட்டியில் முதலிடம் என்று சான்றிதழ் வேண்டும். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது.

நான்கு மணிக்குக் கொட்ட ஆரம்பித்தது மழை. ஐந்தரைக்கு கோர்ட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். டபுள்ஸ் ஃபைனலை ஞாயிறு மூன்று மணிக்குத் தள்ளிவிட்டார்கள். சிங்கிள்ஸ் ஃபைனல் ஞாயிறு பத்தரை.

தேவி என்னோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொட்டச் சொட்ட வாசலில் நின்றுகொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"சார், நாளிக்கு மேட்ச் வெச்சிட்டானுங்கோ. எஸ்தரு வர்லன்னா என் வேல பூடும் சார். நா இன்னா சார் பண்றது?"

அப்பா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு விசாரணை. "சர்டிபிகேட்ல வின்னர்னுதான் இருக்கணுமா? ரன்னர்னா ஒத்துக்க மாட்டாங்களா?"

"கேட்டுப் பாத்துட்டேன் சார். ஒத்துக்க மாட்றாங்கோ. பேஜாரா கீது சார்."

அப்பா வெளியே மழையைப் பார்த்தார். "மூணு மணிக்குத்தானே? வருவா. நீ தலையைத் துவட்டிக்க."

பத்து வருஷப் பூட்டு திறந்துவிட்டதென்று நினைத்தேன்.

"அப்ப பத்தரைக்கு சிங்கிள்ஸ் ஃபைனல்?"

"அது வேற."

"எதுப்பா வேற? அதே ஞாயித்துக்கிழமை. அதே கோர்ட்டு. அதே நான்."

"அது அந்தப் பொண்ணோட பொழப்பு. இது உன் பேரு. பேருக்காக ஓய்வுநாளை உடைக்கக் கூடாது."

அம்மாவைப் பார்த்தேன். "உங்கப்பாகிட்ட நீயே பேசிக்கோ" என்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் எந்த மேல்முறையீடும் அங்கேதான் முடியும்.

இருபத்திரண்டு வயதுப் பெண், தன் பாட்டுக்குப் போய் ஆட வேண்டியதுதானே என்று இன்று என்னிடம் ஆட வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பது சுலபம். அவர்கள் வீட்டில் அப்பா அம்மாதான் அவர்களிடம் அனுமதி கேட்கிறார்கள்.

சொந்தக் காரணம்

அந்தக் கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைக் கோபத்தில் செய்தேன் என்றுதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பழக்கத்தில் செய்தேன்.

தேவியோடு அப்போதே ஷேர் ஆட்டோ பிடித்து மறுபடி கிளப்புக்குப் போனேன். நடுவர் ஒரு மேசை விளக்கு வெளிச்சத்தில் மறுநாள் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ரிட்டயர்ட் ஆசாமி, குரலே கட்டளை மாதிரி இருக்கும்.

"சார், நாளைக்கு சிங்கிள்ஸ் ஃபைனல் ஆட முடியாது."

கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அடி பட்டுச்சா?"

தேவி பின்னாலிருந்து என் இடுப்பில் குத்தினாள். ஆமாம் என்று சொல்லு என்கிறாள். நடுவர் அதையும் கவனித்துவிட்டார். "இதப் பாரும்மா. உடம்பு சரியில்லைன்னு எழுதினா டபுள்ஸும் ஆட விட மாட்டேன். யோசிச்சு எழுது."

'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பெண் காலையில் எழுந்து, குளித்து, ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்காகக் காத்திருக்கக் கூடாது. கூட்டம் வந்து உட்காரக் கூடாது. வரலைன்னா வரலைன்னு நேரத்தோட சொல்லிடணும். அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி.

வெளியே வந்ததும் தேவி திட்டினாள். "நீ இன்னா லூசா? காத்தால வரைக்கும் பொறுத்தா இன்னாடி? உங்கப்பா மனசு மார்னா?"

"எங்கப்பா மனசா? மாறும், மாறும். நீ வேற."

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

வண்டியில்

இப்போது தெரிகிறதா, காணிக்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏன் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று?

அம்மா என் முழங்கையை அழுத்தினாள். "போ" என்றாள். எழுந்தேன். அத்தனை பேர் பார்க்க, கம்பளத்தின் மேல் அப்பாவுக்குப் பின்னால் நடந்தேன். போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே ஸ்கூட்டரின் முன்பக்கம் அப்பாவின் மழைக்கோட்டு மூடிக் கிடந்தது. எடுத்தார். அடியில் என் ராக்கெட் பை, ஷூ, தண்ணீர் பாட்டில். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே கொண்டுவந்திருக்கிறார்! அதாவது பாதி முடிவை வீட்டிலேயே எடுத்தாயிற்று. மீதிப் பாதியை எடுக்கப் பிரசங்கம் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மனிதருக்கு மனசு மாறுவதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாறினால் என்ன?

"ஏறு."

ஏறினேன். கேம்ப் ரோடு முழுக்க நேற்றைய மழைத் தண்ணீர். பால் வண்டி, கறிக்கடைக் கூட்டம், குறுக்கே ஒரு மாடு. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மனிதர், ஹார்னில் வைத்த கட்டைவிரலை எடுக்கவே இல்லை. ரயில் பாதையைக் கடந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் வண்டி குலுங்கியது. வெள்ளைச் சட்டை முதுகில் உப்பிக்கொண்டது. சேற்றுத் தண்ணீர் அவர் பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் தெறித்தது. சானடோரியம் தாண்டி ஒரு சிக்னல், சிவப்பு விழுந்துவிட்டது. நிறுத்தவில்லை. தராசு சார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனார்.

காற்றில் தலையைத் திருப்பிக் கத்தினார். "ராத்திரி பூரா தூக்கமில்லம்மா. அது அவ பொழப்பு, இது உன் பேருன்னு சொன்னேன். யோசிச்சா, இதுவும் உன் பொழப்புதானே?"

நான் பின்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆளுக்கு ஒரு எடைக்கல் வைக்கிறவனை நானே பிடிச்சு ஃபைன் போட்டிருக்கேன். அதையேதான் நேத்து நான் வீட்ல பண்ணியிருக்கேன். அவளுக்கு ஒரு கல்லு, உனக்கு ஒரு கல்லு."

அப்போது சொல்லியிருக்கலாம். வண்டியை நிறுத்துங்கப்பா, நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன் என்று. குரோம்பேட்டை போனது. சொல்லவில்லை. பல்லாவரம் வந்துகொண்டிருந்தது. சொல்லவில்லை. அவருடைய காதோரம் வியர்வை வழிந்து சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் முதன்முறையாக அப்பா என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அழைத்துப் போகிறார். அது இல்லாத மேட்ச் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கையெழுத்து

பத்து மணி இருபது நிமிஷத்துக்குக் கிளப் வாசலில் இருந்தோம். கோர்ட் காய்ந்து பளிச்சென்று இருந்தது. நாற்காலிகளில் யாரும் இல்லை. எனக்கு எதிராக ஆடியிருக்க வேண்டிய ஐதராபாத் பெண் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நடுவரிடம் போனார். "சார், பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்."

நடுவர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நேத்தே எழுதிக் குடுத்துட்டாளே சார்."

தாளை எடுத்து நீட்டினார். அப்பா பையைக் கீழே வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு வார்த்தைதான். அதைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

பிறகு அவர் ஒன்று செய்தார். முப்பது வருஷ சர்வீஸில் யாரிடமும் எதற்கும் சலுகை கேட்காத மனிதர், குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு இங்கதானே இருக்கு சார். கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல் இருந்தது.

"எழுதிக் குடுத்தா குடுத்ததுதான் சார். நீங்களே கவர்ன்மென்ட்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"சரிதான்" என்றார் அப்பா. தாளை இரண்டாக மடிக்கப் போனவர், மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "நேரத்தோட சொல்லியிருக்கா. அந்த வரைக்கும் நல்லது."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். பத்து வருஷத்துக்குச் சேர்த்துவைத்திருந்தேன். அதற்கும் வழியில்லை.

மூன்று மணி

அப்பா வீட்டுக்குப் போகவில்லை. ஸ்கூட்டர் மேலேயே மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தேவி இரண்டு தயிர் சாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் வலைப்பக்கம் நடந்து வந்தார். ஐயோ, ஆரம்பிக்கப் போகிறார் என்று பார்த்தேன். சட்டைப் பையைத் தொட்டார், டேப் இல்லை. அது சர்ச்சுக்குப் போடும் சட்டை. வலையை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்தோம். நான் நன்றாக ஆடவில்லை. தேவிதான் ஆடினாள், வலைமுன்னால் வந்த எதையும் விடவில்லை. சான்றிதழில் 'முதலிடம்' என்று இருந்ததை மூன்று தடவை படித்தாள். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறாள், சொந்தமாகப் பம்மலில் வீடு கட்டிவிட்டாள். அன்றைக்கு என் அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். "நல்ல மன்சன்டி உங்கப்பா. டைமிங்குதான் சுத்தமா கெடையாது."

அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் ஊர் ஊராக, நாடு நாடாகப் போனேன். டபுள்ஸ் தரவரிசை என்னைக் கூட்டிக்கொண்டு போனது. சிங்கிள்ஸில் தகுதிச் சுற்று ஆடி ஆடியே கால் தேய்ந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரே ஒரு சிங்கிள்ஸ் ஃபைனல்கூட எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்துதான் இருந்தது. நான்தான் எந்தப் போட்டியிலும் வியாழக்கிழமைச் சுற்றுக்கு மேல் போகவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஐதராபாத் பெண்ணிடம் அதற்கு முன்னால் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். அன்று ஆடியிருந்தால் ஜெயித்திருப்பேனா? தெரியாது. தெரியாது என்பதுதான் வயிற்றெரிச்சல். தோற்றிருந்தால் தோற்றது என்று போயிருக்கும்.

சரி, அப்பாதான் கெடுத்தார் என்று சொல்லி ஒரு மூச்சு கோபப்படலாம் என்றால், உடனே அந்த உப்பிய வெள்ளைச் சட்டை கண்ணில் வந்து நிற்கும். என்னை நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனிதர்.

போன ஞாயிறு

இப்போது மேடவாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கோர்ட்டில் பயிற்சி கொடுக்கிறேன். சனி, ஞாயிறுதான் ஐ.டி. ஆட்களுக்கு நேரம். அதனால் ஞாயிறு ஏழு மணிக்கு வகுப்பு. கேட்டில் தண்ணீர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், அதற்குள் புகுந்து போக வேண்டும். நான் சாயங்கால ஆராதனைக்குப் போகிறேன். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு எழுபத்தைந்து ஆகப்போகிறது. அம்மா போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். முழங்கால் சரியில்லை, ஸ்கூட்டரை விற்றாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆறேகாலுக்கு என் வண்டிக்கு முன்னால் போய் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். சொன்னால் கேட்பதில்லை.

போன ஞாயிறும் நின்றார். நான் பையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பும் நேரத்தில், நேற்று நடந்ததைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அன்னிக்கு வண்டியிலயே ஏன் சொல்லல?"

எந்த அன்னிக்கு என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு வருஷம் இதை எங்கே வைத்திருந்தார்? எனக்கு வழக்கம்போல எரிச்சல்தான் முதலில் வந்தது. வகுப்புக்கு நேரமாகிறது, இப்போதா கேட்பது?

வண்டியை அணைத்தேன்.

"நீங்க அவ்ளோ வேகமா ஓட்டி நான் பார்த்ததே இல்லப்பா. எப்படிச் சொல்றது?"

அப்பா கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாப்பத்தஞ்சுதான்" என்றார். "மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன். இன்னும் கொஞ்சம் வேகமா, கோப்பையைக் குடுக்கறதுக்கு முன்னாடி போயிருந்தா அந்த மேட்ச் கிடைச்சிருக்குமோன்னு ரொம்ப நாள் நினைச்சிருக்கேன்."

அப்பா கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"கிளம்பு. அவங்களைக் காக்க வைக்காத."